மூன்றாவது டிஸ்க்

செத்துப்போன கம்ப்யூட்டர் டிஸ்க்கைத் தூக்கிக்கிட்டு, உள்ளே இருக்கிறதை மீட்டுக் கொடுங்கன்னு என் கடைக்கு யார் வந்தாலும் நான் முதல்ல கேட்கிறது ஒரே கேள்வி. "எப்போ?" எப்போ நின்னுச்சு, எப்போ சத்தம் மாறுச்சு, கடைசியா எப்போ ஒழுங்கா திறந்துச்சு. குழந்தையோட முதல் வருஷ போட்டோ எல்லாம் போச்சுன்னு ஒரு பொண்ணு மூக்கைச் சிந்திக்கிட்டு நின்னப்போகூட, "அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம், தேதியைச் சொல்லும்மா"ன்னு கேட்டவ நான். திமிர் பிடிச்சவன்னு பேரு வாங்கினாலும் வாங்குவேனே தவிர, பதினாறு வருஷத்துல அந்தக் கேள்வியைக் கேட்காம ஒரு பெட்டியையும் தொட்டதில்லை.

போன செவ்வாய்க்கிழமை கேட்காம விட்டேன். அதுவும் யார்கிட்ட? என் கூடப்பிறந்த தம்பிகிட்ட.

வீட்டுல அவனைச் சின்னவன்னுதான் கூப்பிடுவோம். ஒரு ஸ்கேன் சென்டர்ல கம்ப்யூட்டரெல்லாம் பார்த்துக்கிற வேலை. அந்த வேலை கிடைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தான். அவனும் அவன் பொண்டாட்டியும் என் வீட்டு உள்ரூம்லதான் இருந்தாங்க. கதவைச் சத்தம் வராம சாத்துறது, டிவியைக் குறைச்சு வைக்கிறது, சாப்பிடும்போது ரெண்டாவது தடவை கேட்காம எழுந்துக்கிறதுன்னு ரெண்டு பேரும் கூனிக்குறுகி இருந்ததைப் பார்க்க எனக்கே பொறுக்காது. வேலை கிடைச்சு தனி வீடு பார்த்துப் போனதும்தான் அவன் முகத்துல பழைய சிரிப்பு வந்துச்சு.

செவ்வாய்க்கிழமை காலையில நான் ஒரு டிஸ்க்கைத் திறந்து, தூசி வராத கண்ணாடிப் பெட்டிக்குள்ள ரெண்டு கையையும் விட்டு, ஹெட் மாத்திக்கிட்டிருந்தேன். டிஸ்க்குல எழுதியிருக்கிறதைப் படிக்கிற முள்ளுக்குத்தான் ஹெட்னு பேரு. சுண்டுவிரல் நகம்கூட அதைவிடப் பெருசு. அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் பண்றான். முழங்கையால ஸ்பீக்கரை அமுக்கினேன்.

"அக்கா, ஸ்டோரேஜ் பெட்டி படுத்துடுச்சுக்கா. அஞ்சு டிஸ்க்குல மூணாவதும் அஞ்சாவதும் சிவப்பா எரியுது. வெளியில பேஷண்ட் வரிசையா நிக்கிறாங்க. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

ஸ்கேனையெல்லாம் அஞ்சு டிஸ்க்குலயும் பிரிச்சு வெச்சுக்கிற பெட்டி அது. அஞ்சுல ஒண்ணு செத்தா மீதி நாலும் சேர்ந்து சமாளிச்சுக்கும். ரெண்டு செத்தா பெட்டியே படுத்துடும். ஆனா கரண்ட் ஒரு குதி குதிச்சா, நல்லா இருக்கிற டிஸ்க்கே ரெண்டு ஒண்ணா விழறது உண்டு. அப்போ விழுந்ததுல ஒண்ணை வலுக்கட்டாயமா உள்ளே சேர்த்தா போதும், எழுந்துடும். சரி, அதுதான்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். கண்ணு முள்ளு மேல, காது பாதிதான் போன்ல.

"மூணாவதை உள்ளே தள்ளுடா, எழுந்துடும்"னேன். வெச்சுட்டேன்.

எழுந்துச்சு. நாப்பது நிமிஷம் கழிச்சு மறுபடி போன். "அக்கா, ஸ்கேனைத் திறந்தா குப்பையா வருதுக்கா." "பவரைப் பிடுங்குடா! இப்பவே பிடுங்கு!"ன்னு கத்தினேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள முள்ளு ஒடிஞ்சு விழுந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

பெட்டி அன்னைக்கு மத்தியானமே என் கடைக்கு வந்துச்சு. சென்டர்ல ஒரு சட்டம், ஊழியருங்களோட சொந்தக்காரங்களுக்கு வெளிவேலை கொடுக்கக்கூடாது. அதனால சின்னவன், "நல்ல லேப் ஒண்ணு தெரியும், அந்த மேடம் கைராசிக்காரங்க"ன்னு யாரையோ சொல்ற மாதிரி சொல்லி என்கிட்டயே கொண்டு வந்துட்டான். வர்ற வழியில மெசேஜ் வேற. "அக்கா, தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காதே. காரியம் கெட்டுடும்." ஒரு நாள் கூத்துதானே, முடிச்சுக் கொடுத்து அனுப்பிடலாம்னு நானும் தலையாட்டினேன்.

ஒரு நாளா? மூணு நாள்!

கூடவே மேனேஜரம்மா வந்தாங்க. சென்டரோட இன்னொரு சட்டம், நோயாளிங்களோட விவரம் எங்க போனாலும் சென்டர் ஆளுங்க கண்ணு முன்னாடிதான் இருக்கணும். என் கடை மொத்தமே பத்துக்குப் பன்னெண்டு. ஜன்னலைத் திறந்தா தூசி, அதனால எப்பவும் மூடித்தான் இருக்கும். அந்த ரூம்ல, எனக்குன்னு இருந்த ஒரே மெத்தை வெச்ச நாற்காலியில அந்தம்மா உட்கார்ந்தாங்க. மூக்குக் கண்ணாடி, மடியில ஒரு நோட்டு, கையில பேனா. நான் தும்மினா மணி குறிச்சுக்கிட்டாங்க. மனசுக்குள்ள அவங்களுக்குக் கேமராம்மான்னு பேரு வெச்சேன். வந்ததும் முதல் காரியமா எங்க ரெண்டு பேர் போனையும் வாங்கி ஒரு துணிப்பையில போட்டு, தன் காலுக்குக் கீழே வெச்சுக்கிட்டாங்க. யாரும் படம் எடுத்துடக்கூடாதாம். சாயங்காலம்தான் திருப்பிக் கொடுப்பாங்க.

"சார், இந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் பிடிங்க"ன்னேன் தம்பிகிட்ட.

"சரிங்க மேடம்"னான்.

சின்ன வயசுல இவன் மூக்கைத் துடைச்சு விட்டதே நான்தான். அவனைச் சார்னு கூப்பிட நாக்கு சுளுக்கிக்கிச்சு. முதல் நாள் அது சிரிப்பாக்கூட இருந்துச்சு, பொய் சொல்லமாட்டேன். அவன் என்னைப் பார்க்காம சுவரைப் பார்த்து மேடம்கிறதும், நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு சார்கிறதும்.

அப்புறம் கேமராம்மா வாயைத் திறந்தாங்க. "இதுக்குக் காரணம் என்னன்னு எழுத்துல வேணும். உங்க கையெழுத்தோட. எங்களுக்கு என்னவோ தெரிஞ்ச காரணம்தான். பெருக்கித் துடைக்கிற அம்மா அன்னைக்குப் பத்து மணிக்கு வாக்குவம் கிளீனரை இந்தப் பெட்டியோட பிளக் போர்டுலயே சொருகியிருக்கா. சொருகாதேன்னு அங்க பெருசா எழுதி ஒட்டியிருக்கோம். பதினோரு வருஷமா வேலை செய்யற பொம்பளை, இப்போ வீட்டுல உட்கார வெச்சிருக்கோம். உங்க ரிப்போர்ட் வந்ததும் கணக்கை முடிச்சு அனுப்பிடுவோம். வேற காரணம்னா திரும்பக் கூப்பிட்டுக்குவோம்."

"வாக்குவத்தாலதான்னு யார் சொன்னது?"ன்னு கேட்டேன்.

"இதோ, இவர்தான். இருக்கலாம்னு சொன்னார்."

சின்னவன் ஸ்க்ரூவைத் திருகிக்கிட்டே இருந்தான். தலை நிமிரலை.

எங்க தொழில்ல முதல்ல நகல்தான் எடுக்கணும். அசலைத் தொடக்கூடாது. அஞ்சு டிஸ்க்கையும் ஒவ்வொண்ணா நகல் எடுத்தேன். நாலு சமத்தா படிச்சுச்சு. அஞ்சாவதுதான் அழிச்சாட்டியம். கொஞ்ச நேரம் படிக்கும், டக்டக்னு அடிச்சுக்கும், நின்னுடும். ஆற விட்டு, மறுபடி படிச்சு, கெட்ட இடத்தைத் தாண்டி, நல்ல இடத்தை முதல்ல அள்ளிக்கிட்டு, அப்புறம் கெட்ட இடத்துக்குத் திரும்பி வந்து... ஒண்ணரை நாள் போச்சு. அந்த ஒண்ணரை நாளும் மூணு பேரும் ஒருத்தர் மூச்சை ஒருத்தர் இழுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். ஃபேன் சத்தம், டிஸ்க் சத்தம், பேனா சத்தம்.

ரெண்டாவது நாள் மத்தியானம் பெட்டியோட குறிப்பைத் திறந்தேன். அந்தப் பெட்டி தனக்கு நடக்கிறதையெல்லாம் தேதி, மணி போட்டுத் தானே எழுதி வெச்சுக்கும். செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபது, அஞ்சாவது டிஸ்க் போச்சு. பத்து நாப்பத்திரெண்டு, மூணாவதை வலுக்கட்டாயமா சேர்த்தாங்க. சரி, மூணாவது எப்போ விழுந்துச்சு? செவ்வாய்க்கிழமையில தேடினேன், இல்லை. திங்கள்ல இல்லை. போன மாசத்துல இல்லை. மேல போய்க்கிட்டே இருந்தேன்.

ஏழு மாசத்துக்கு முன்னாடி இருந்துச்சு.

மூணாவது டிஸ்க் போய் ஏழு மாசம் ஆச்சு. ஏழு மாசமா நாலு டிஸ்க்குல பெட்டி நொண்டிக்கிட்டு ஓடியிருக்கு. டிஸ்க் போனா பெட்டி பீப் பீப்னு கத்தும். அதுக்கு அடுத்த வரியில அதுவும் இருந்துச்சு. பதினோரு நிமிஷம் கழிச்சு, அலாரம் நிறுத்தப்பட்டது. நிறுத்தினவர் பேரு, என் தம்பியோட பேரு.

அடப்பாவி! புது டிஸ்க் ஒண்ணு வாங்கிக் கொடுங்கன்னு கேட்டிருந்தா முடிஞ்சு போயிருக்கும். கேட்கலை. புதுசா சேர்ந்தவன், வந்ததும் செலவு வெச்சான்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்திருப்பான். அப்புறம் பார்த்துக்கலாம், அப்புறம் பார்த்துக்கலாம்னு ஏழு மாசத்தை ஓட்டியிருக்கான். அவன் சுபாவம் எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல மார்க் ஷீட்டைத் தலையணை உறைக்குள்ள வெச்சவன்.

அந்த ஏழு மாசப் பழசான டிஸ்க்கைத்தான் நான் உள்ளே தள்ளச் சொல்லியிருக்கேன். பழசையும் புதுசையும் கலந்துக்கிட்டு, பெட்டி நாப்பது நிமிஷம் நல்லதையெல்லாம் திருத்தறேன்னு அழிச்சிருக்கு. "எப்போடா விழுந்துச்சு?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நடந்திருக்காது. வர்றவன் போறவனையெல்லாம் கேட்டேன், இவனைக் கேட்கலை. என் தம்பிதானே, விளக்கு எரிஞ்சா பார்க்காமலா இருப்பான்னு ஒரு நினைப்பு. தலையில அடிச்சுக்கலாம்போல இருந்துச்சு. அடிச்சுக்கவும் முடியாது, கேமராம்மா குறிச்சுக்குவாங்க.

"ஏதாவது கிடைச்சுதா?"ன்னு கேட்டாங்க.

"பார்த்துக்கிட்டிருக்கேன்"னு சொல்லித் திரையை மூடினேன்.

அவன்கிட்ட பேசியே ஆகணும். எங்க பேசறது? கடையிலயே ஒரு மூலையில ஒட்டுப்பலகைத் தடுப்பு போட்ட பாத்ரூம். கேமராம்மா அதுக்குள்ள போனாக்கூட, "இப்போ என்ன சத்தம்?"னு உள்ளே இருந்தே கேட்பாங்க. அன்னைக்கு அவங்க உள்ளே போனதும் நான் சின்னவன் பக்கம் திரும்பினேன். வாயைத் திறக்கலை. இந்தக் கையில அஞ்சு விரல், அந்தக் கையில ரெண்டு விரல், ஏழுன்னு தூக்கிக் காட்டினேன்.

அவன் முகத்துல ரத்தம் இல்லை. மெள்ள ரெண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான்.

"அந்தப் பொம்பளைடா?"ன்னு உதட்டை மட்டும் அசைச்சேன்.

இன்னும் இறுக்கமாக் கும்பிட்டான். கண்ணு கலங்கியிருந்துச்சு. உள்ளே தண்ணி ஊத்துற சத்தம் நின்னுச்சு. அவன் கையை இறக்கிட்டான், நானும் திரும்பிக்கிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி அவனுக்கு எத்தனை தடவை போன் போட்டேன்னு கணக்கில்லை. ஆஃப். நேரா வீட்டுக்கே போயிடலாமான்னு செருப்பு வரைக்கும் போட்டேன். போனா என்ன கேட்பேன்? அவன் என்ன சொல்லுவான்? ரெண்டும் எனக்குத் தெரியும். செருப்பைக் கழட்டிட்டேன்.

மூணாவது நாள் பழைய டிஸ்க்கை ஓரம் கட்டிட்டு, மீதி நாலோட நகலை வெச்சு பெட்டியை மறுபடி கட்டினேன். வந்துச்சு. வருஷக்கணக்கான ஸ்கேன், ஒவ்வொண்ணா திறந்து பார்த்தேன், எலும்பும் நுரையீரலுமா பளிச்னு வந்துச்சு. இருபத்திமூணு பேரோடது மட்டும் கிடைக்கலை. அந்த நாப்பது நிமிஷத்துல மாட்டினவங்க. அவங்களை மறுபடி வரச்சொல்லி எடுத்துக்கலாம்னு கேமராம்மா சொன்னாங்க. மூணு நாள்ல முதல் தடவையா சிரிச்சாங்க. நல்ல சிரிப்பு. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கஷ்டமாப் போச்சு.

"அப்போ காரணத்தை எழுதிடலாமா? நானே சொல்றேன், நீங்க அடிங்க. வாக்குவம் கிளீனரைச் சொருகினதால மின்சாரம் தடுமாறி, டிஸ்க்குகள் பழுது. சரிதானே?"ன்னு சின்னவனைப் பார்த்தாங்க.

"ஆமாங்க, அப்படித்தான் இருக்கும்"னான்.

முதல்ல இருக்கலாம். இப்போ இருக்கும். இன்னும் ஒரு நாள் போனா, நானே கண்ணால பார்த்தேம்பான். எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. ஆனா ராத்திரி முழுக்க நான் ஒரு வழி யோசிச்சு வெச்சிருந்தேன். பழியை என் தலையில போட்டுக்கிட்டா ரெண்டு பேரும் பிழைச்சுக்குவாங்கன்னு ஒரு கணக்கு.

"இல்லைங்க"ன்னேன். "வாக்குவத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. செத்த மூணாவது டிஸ்க்கை உள்ளே தள்ளச் சொன்னது நான்தான். அன்னைக்குப் போன்ல இவன் என்னைக் கேட்டான், நான் விசாரிக்காம சொல்லிட்டேன். இவன் என் கூடப்பிறந்த தம்பி. மறைச்சது தப்பு. எழுதறதுன்னா என் பேரை எழுதுங்க."

கேமராம்மா பேனாவை மூடினாங்க. என்னைப் பார்த்தாங்க, அப்புறம் அவனை. "நிஜமா?"

நான் அவனைப் பார்த்து, சொல்லுடா, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, மீதியை நான் பார்த்துக்கறேன்னு மனசுக்குள்ளயே கெஞ்சினேன்.

"இல்லைங்க"ன்னான். "எனக்கு அக்காவே கிடையாதுங்க. நான் யாருக்கும் போன் பண்ணலை, எந்த டிஸ்க்கையும் தள்ளலை. மேடம் ஏன் இப்படிப் பேசறாங்கன்னு எனக்குப் புரியலை."

கோபம்னு சொல்லமாட்டேன். அக்காவே கிடையாதுன்னு அவன் சொன்னது அவ்வளவு சரளமா வந்துச்சு. அது வலிச்சுது. இன்னும் வலிக்குது.

"ஆளுக்கொண்ணு சொல்றீங்க"ன்னாங்க கேமராம்மா. "மெஷினுக்கு அக்கா தம்பி கிடையாதே. அது என்ன சொல்லுது? பிரிண்ட் போட்டுக் கொடுங்க."

திரையைத் திறந்தேன். எந்தத் தேதியில இருந்துன்னு கேட்டுச்சு. செவ்வாய்க்கிழமையில இருந்து போட்டா ஒரே பக்கம். அவன் டிஸ்க்கைத் தள்ளினது தெரியும், அவ்வளவுதான். திட்டு வாங்குவான், வேலை தப்பிச்சுடும். ஆனா பத்து மணிக்கு வாக்குவம், பத்து இருபதுக்கு டிஸ்க் போச்சுன்னு அந்தப் பக்கம் அப்படியே அந்தப் பெருக்கித் துடைக்கிற அம்மா தலையில போய் விழும். ஒரு டிஸ்க் போனா தாங்கற பெட்டி ஏன் தாங்கலைங்கிறது ஏழு மாசத்துக்கு முந்தின பக்கத்துல மட்டும்தான் இருக்கு. அதே பக்கத்துலதான் அவன் பேரும் இருக்கு.

சின்னவன் என்னையே பார்த்துக்கிட்டிருந்தான். மெள்ளத் தலையை ஆட்டினான். வேண்டாம்னு.

முகம் தெரியாத ஒருத்தி. அவ எப்படி இருப்பா, உசரமா குள்ளமா, ஒண்ணும் தெரியாது. பதினோரு வருஷம் அந்தத் தரையைத் துடைச்சிருக்கா, அது மட்டும்தான் தெரியும். இந்தப் பக்கம் என் தம்பி. ரூம்ல காத்தே இல்லை. ஜன்னலைத் திறக்கலாம்னு எழுந்தேன், எழுந்து என்ன பண்றது, மறுபடி உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்துல இருந்துன்னு அமுக்கினேன்.

ஒன்பது பக்கம் வந்துச்சு. கேமராம்மா ஒவ்வொண்ணா படிச்சாங்க. புரியாத இடத்துல விரலை வெச்சுக் கேட்டாங்க, நான் சொன்னேன். அவன் பேரு வந்த வரியில விரலை வெச்சுக் கேட்கலை. அதுக்கு விளக்கம் தேவைப்படலை. பையில இருந்து போனையெல்லாம் எடுத்துக் கொடுத்தாங்க. அங்கேயே நின்னு, வீட்டுல உட்கார வெச்ச அந்தம்மாவுக்குப் போன் போட்டு, திங்கட்கிழமையில இருந்து வேலைக்கு வரச் சொன்னாங்க. மறுமுனையில என்ன சொன்னாங்கன்னு எனக்குக் கேட்கலை. சின்னவன்கிட்ட சாவியை வாங்கிக்கிட்டாங்க. நகலை வாங்கிக்கிட்டாங்க. "வேலை சுத்தமா பண்ணியிருக்கீங்க. ஆனா எங்க பெட்டி எதுவும் இனிமே இங்க வராது"ன்னாங்க. நியாயம்தான்.

அவன் படியிறங்கிப் போயிட்டான். பின்னாடியே ஓடினேன், தெருமுனை வரைக்கும். ஆளைக் காணோம்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் போன் அடிச்சுது. அவன்தான்னு பாய்ஞ்சு எடுத்தேன். அவன் பொண்டாட்டி.

"அண்ணி, முடிஞ்சுதா? அவர் போனை எடுக்க மாட்டேங்கறார்."

"முடிஞ்சுது"ன்னேன்.

"அப்பாடா!" அவ குரல்ல அவ்வளவு சந்தோஷம். "முதல் நாள் வந்தப்போ பேயறைஞ்ச மாதிரி இருந்தார் அண்ணி. என்ன தப்பு பண்ணினார்னு எல்லாத்தையும் சொல்லிட்டார். நான்தான் பயந்து அழுதேன். அவர் என்னைத் தேத்தினார். அக்கா கைக்குப் போயிடுச்சு, அக்கா என்னை விட்டுக்கொடுக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டுப் படுத்தார். ரெண்டு ராத்திரியா போனையும் அணைச்சுப் போட்டுட்டு குழந்தை மாதிரித் தூங்கறார்."

போனை இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்கு மாத்தினேன்.

"அண்ணி? இருக்கீங்களா?"

"இருக்கேம்மா"ன்னேன். "அவன் வேலை போயிடுச்சு. நான்தான் காட்டிக் கொடுத்தேன்."

அவளும் போனை வைக்கலை, நானும் வைக்கலை. மூடின ரூம்ல ஃபேன் மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு.